துட்டிக்கு அனுமதி இல்லை

ஆயக்குடி பொன்னழகுவின் பெரியப்பா இறந்துபோன செய்தி, ஆனந்த்ராஜின் கணினித் திரையில் அனுமதிக்காகக் காத்துக் கிடந்தது.

"சார், வணக்கமுங்க. எங்க பெரியப்பா இன்னிக்கு மத்தியானம் தவறிட்டாருங்க. நாளைக்குக் காலைல எடுக்கறோம். மன்றத்து ஆளுங்க எல்லாத்துக்கும் நேர்ல வந்து சொன்னதா நெனச்சுக்கோணுங்க. இப்படிக்குப் பொன்னழகு."

ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று அனுமதி, மற்றது நிராகரிப்பு.

ஆனந்த்ராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியப்பாவைப் பற்றி அவருக்கு வருத்தம்தான். ஆனால் இது நிரல் மன்றம். கணினிக்கு நிரல் எழுதுகிறவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடம். யார் எதை எழுதினாலும் முதலில் அவருடைய பெட்டிக்கு வரும். அவர் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். மன்றத்தின் முதல் விதி: நிரல் பற்றிய பேச்சு மட்டும். இரண்டாம் விதி: முதல் விதியைப் பற்றிப் பேச்சு இல்லை.

நாகல் நகரில் ஒரு மாடியில் இயங்கிய கம்ப்யூட்டர் சென்டரில் அவர் பத்து வருடமாக வாத்தியார். தொண்ணூறுகளின் நடுவில் தெருவே அந்த மாடிப்படியில் ஏறியது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்து பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏசி அறைக்குள் கைகட்டி உட்கார்ந்து சி மொழி படித்தார்கள். இப்போது இரண்டாயிரத்து ஆறு. பாதித் திரைகள் கறுத்துக் கிடந்தன. பொங்கல் கழிந்ததும் இடத்தை நாட்டு மருந்துக் கடைக்குக் குடோனாக விடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

ஆனந்த்ராஜுக்கு மிச்சம் இருந்தது மன்றம் ஒன்றுதான். அவரிடம் படித்துச் சென்ற முந்நூறு பேர் அதில் இருந்தார்கள். பெங்களூர், சென்னை, திருப்பூர், துபாய் என்று எங்கெங்கோ இருந்துகொண்டு வாரம் தவறாமல் சந்தேகம் கேட்டார்கள். அவர் பதில் எழுதுவார். "நன்றி சார், இப்ப ஓடுது" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகவே அவர் சாப்பாட்டை ஆறவிட்டிருக்கிறார்.

இப்போது மன்றத்தின்மேல் ஒரு கண் விழுந்திருந்தது. இதே நாகல் நகரில் பிறந்து பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் பெரிய இடத்துக்குப் போன இளஞ்செழியன் போன வாரம் போன் செய்திருந்தான்.

"அண்ணே, திண்டுக்கல்லயே ஒரு சின்ன ஆபீஸ் போடலாம்னு எங்க பெரியவர் நெனைக்கிறாரு. உங்க மன்றத்தப் பத்திச் சொல்லிருக்கேன். கொஞ்ச நாளைக்குப் பாப்போம்னாரு. சரக்கு சுத்தமா இருந்தா நீங்கதாண்ணே அதுக்குத் தலைவர்."

சரக்கு சுத்தமாக இருக்கவேண்டும். ஆனந்த்ராஜ் நிராகரிப்பை அழுத்தினார். கூடவே மரியாதையாக ஒரு குறிப்பும் வைத்தார்: "தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். பதிவு முதல் விதிக்குப் பொருந்தவில்லை. தக்க திருத்தத்துடன் மீண்டும் அனுப்பவும்."

செத்த நேரத்தில் செல்போன் அடித்தது.

"சார், பொன்னழகு பேசறனுங்க. திருத்தஞ் செய்யச் சொல்லிருக்கீங்க. பெரியப்பாவுல என்னத்தங்க திருத்தறது?"

"அப்பு, வருத்தப்படாத. இது நிரல் மன்றம். ஒனக்குத் தெரியாததா?"

"துட்டிங்க சார். துட்டியத் திருப்பி அனுப்புவாங்களா யாராச்சும்? கூடப் படிச்சவனுக்குச் சாவு சொல்லாம விட்டா, நாளைக்கு அவன் எம் மூஞ்சில முழிப்பானாங்க?"

"போன் போட்டுச் சொல்லு."

"போன் நம்பர் மாத்திக்கிட்டே இருக்கானுங்க சார். மன்றம் ஒண்ணுதானுங்க மாறாம கெடக்குது."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஆனந்த்ராஜ் போனை வைத்தார்.

வீட்டில் மனைவி சகாயசெல்வியிடம் சொன்னதுதான் தப்பு. அவள் பள்ளிக்கூடத்துப் புடவையை மாற்றாமலே மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆனந்த்ராஜின் அப்பா மரிய லூயிஸ் பக்கவாதத்தில் விழுந்து பேச்சுப் போய்ப் படுக்கையில் கிடந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த மனிதர். மாதா கோயில் பங்கில் யார் செத்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் துட்டி சொல்லிவிட்டு வருகிறவர் அவர்தான்.

"துட்டியத் திருப்பி அனுப்பிட்டீங்களா?" சகாயசெல்வி கரண்டியை நிறுத்தினாள். "மாமா காதுல விழப்போகுது. மெதுவாச் சொல்லுங்க."

படுக்கையில் இருந்த கண்கள் மகனைப் பார்த்தன. அந்தப் பார்வையோடு ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, மறுநாள் சென்டருக்குப் போனதும் முதல் வேலையாக ஆனந்த்ராஜ் பொன்னழகுவின் பதிவை அப்படியே எடுத்துப் போட்டு அனுமதித்தார்.

'நாளைக்குக் காலைல எடுக்கறோம்' என்ற வரியை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அடுத்தவர் பதிவில் கைவைப்பதில்லை என்பது மூன்றாம் விதி.

அவர் பொத்தானை அழுத்திய நேரத்தில் பெரியப்பாவை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மன்றத்து ஆட்கள் அதற்கும் மறுநாள் காலையில் ஆளுக்கொரு மாலையோடு ஆயக்குடியில் போய் இறங்கினார்கள்.

பிணம் போன வீட்டுக்கு மறுநாள் பூமாலை வருவது, அங்கே எவரும் கேள்விப்படாத சங்கதி. தலைமுழுகி வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெரியம்மா வாசலில் வரிசையாக மாலைகளைப் பார்த்தாள்.

"யாருக்குடா கொண்டாந்திருக்கீங்க இத்தன மாலைய? அடுத்தது நானாடா?" என்று கேட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

பத்தாம் நாள் பொன்னழகுவின் அடுத்த பதிவு வந்தது. "பெரியம்மாவும் போயிட்டாங்க சார்." அதற்குள் போனும் வந்தது.

"இந்தத் தடவையாவது நேரத்தோட விடுங்க சார். காலுல வேணாலும் விழுகறனுங்க."

ஆனந்த்ராஜுக்கு, பெரியம்மாவின் சாவில் தன் விரலும் இருப்பதாக ஒரு நினைப்பு. இன்னொரு பக்கம் பெங்களூர்ப் பெரியவரின் கண். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பொன்னழகு, இப்பிடிச் செய்வோம். செய்திய ஒரு நிரலா எழுதி அனுப்பு. ஓட்டுனா செய்தி வரணும். அப்ப அது நிரல்தான? விதிக்குப் பொருந்திரும்."



"நிரலாங்க?"

"நான் சொல்லிக்குடுத்ததுதான்டா. மதிப்பெண் பட்டியல் அச்சடிக்கிற பாடம் ஞாபகம் இல்லையா?"

"இருக்குதுங்க, இருக்குதுங்க. பாக்கறனுங்க."

அரை மணி நேரத்தில் வந்தது. மாணவன் பெயர் இருந்த இடத்தில் 'ஆயக்குடி பொன்னழகு' என்றும், பாடம் இருந்த இடத்தில் 'பெரியம்மா' என்றும், மதிப்பெண் இருந்த இடத்தில் நேரமும் இருந்தன. ஆனந்த்ராஜ் ஓட்டிப் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்தது: 'ஆயக்குடி பொன்னழகு பெரியம்மா காலமானார். நாளை பத்து மணி.'

தான் சொல்லிக்கொடுத்த பாணி அப்படியே இருந்ததைப் பார்த்து, அந்தத் துக்கத்திலும் அவருக்கு ஒரு நிறைவு வந்தது. அனுமதித்தார். நாலாம் விதியாக அதையே எழுதியும் வைத்தார்: துக்கச் செய்திகள் நிரல் வடிவில் மட்டுமே ஏற்கப்படும்.

முந்நூறு பேர் இருக்கும் இடத்தில் சாவுக்குப் பஞ்சம் இருக்குமா? அந்த மாதம் எவன் வீட்டிலாவது யாராவது போய்க்கொண்டே இருந்தார்கள். எல்லாம் நிரலாகவே வந்தன. எல்லாம் பொன்னழகு எழுதிய அதே நிரல்தான். பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒருவர்கூடச் சொந்தமாக ஒரு வரி சேர்க்கவில்லை. வேலைப் பளுவில் இருக்கிற பிள்ளைகள், எழுதி வைத்ததைத் திரும்ப எழுத நேரமேது என்று ஆனந்த்ராஜ் சமாதானம் செய்துகொண்டார்.

ஒட்டன்சத்திரம் பொன்னுத்துரைக்கு மாமனார் இறந்தபோது அவனும் அதே நிரலை எடுத்தான். அழுதுகொண்டே மாற்றியிருப்பான் போலிருக்கிறது. ஊரையும் பெயரையும் மாற்ற மறந்துவிட்டான். 'பெரியம்மா' என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் போடாமல் அனுப்பிவிட்டான். ஆனந்த்ராஜ் அன்றைக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் அவசரத்தில், வடிவம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுமதித்தார்.

முந்நூறு பேரின் திரையில் ஓடியது: 'ஆயக்குடி பொன்னழகு காலமானார். நாளை பத்து மணி.'

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் போன் வந்தது.

"சார், நான் பொன்னழகு."

"சொல்லுப்பா."

"நான் செத்துப்போனனுங்களா சார்?"

"என்னப்பா சொல்ற?"

"காலைல இருந்து வந்துக்கிட்டே இருக்காங்க சார், மாலையோட. நானே வாசல்ல நின்னு, இன்னும் இல்லீங்க, இன்னும் இல்லீங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கறனுங்க. மூணாவது தடவையா மாலையப் பாத்துட்டு எஞ் சம்சாரம் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டா. பொன்னுத்துரைக்குக் கோவம், மாமனார் துட்டிக்கு ஒருத்தனும் வல்லீன்னு. எல்லாத்தையும் நாந்தான் தடுத்து வெச்சுக்கிட்டனாம்."

"அந்த மாலைய எல்லாம்..."

"பொன்னுத்துரை வூட்டுக்கு அனுப்பி வெச்சனுங்க. அங்க எடுத்துட்டாங்களாமா."

ஆனந்த்ராஜ் அன்று சாயங்காலமே நாலாம் விதியை ரத்து செய்தார். இனி மனிதக் கண்ணை நம்பக்கூடாது என்று முடிவு கட்டி, தானே உட்கார்ந்து ஒரு வடிகட்டி எழுதினார். சாவு, மரணம், துட்டி, மாலை, அடக்கம், இறப்பு, கொலை என்று அர்த்தம் வரும் எல்லாச் சொற்களையும், தமிழிலும் ஆங்கிலத்திலும், அதற்குள் கொட்டினார். அப்படி ஒரு சொல் வந்தால் பதிவு தானாகத் திரும்பிவிடும். கூடவே ஒரு பதிலும் போகும்: 'தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். ஆனால் இது நிரலாளர் மன்றம். ஆண்டவர் ஆறுதல் தருவாராக.'

மன்றம் சுத்தமானது. ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு இளஞ்செழியன் கூப்பிட்டான். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"அண்ணே, எங்க பெரியவர் வேற பேருல உங்க மன்றத்துல சேந்து ஒரு கேள்வி போட்டாரு. சோதனைக்குத்தான். ஓடிக்கிட்டிருக்கிற ஒரு சைல்டு ப்ராசஸ்ஸ எப்பிடிக் கில் பண்றதுன்னு."

ஒரு நிரல் ஈன்ற பிள்ளை நிரலை நடுவில் நிறுத்துவதற்கு அப்படித்தான் பெயர்; 'கில்' என்ற சொல்லும் வடிகட்டியில் இருந்தது ஆனந்த்ராஜுக்கு ஞாபகம் வந்தது.

"நல்ல கேள்வியாச்சே."

"நல்ல கேள்விதான். ஆண்டவர் ஆறுதல் தருவாராகன்னு பதில் வந்திருக்குண்ணே."

"அது வந்து தம்பி..."

"அவரு வீட்டுல பிள்ளைங்க இல்ல. ரொம்ப வருசமா ஏங்கிக்கிட்டிருக்கிற மனுசன். அதப் படிச்சுட்டு ரூம்ல கதவச் சாத்திக்கிட்டாரு."

ஆனந்த்ராஜ் நடந்ததை எல்லாம் சொன்னார். பெரியப்பா, பெரியம்மா, பொன்னழகு, பொன்னுத்துரை, வடிகட்டி. மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"சரிண்ணே. நான் பேசிச் சமாளிக்கிறேன். இந்த ஒரு வாரந்தான். அவரு தெனம் பாப்பாரு. வடிகட்டிய எடுத்துருங்க. ஆனா ஒரு சாவு, ஒரு கருமாதி, ஒரு எழவு உள்ள வரக்கூடாது. வந்துச்சு, ஆபீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோயமுத்தூர்ல ஒரு ஆளு ரெடியா இருக்கான்."

ஆனந்த்ராஜ் அன்றே வடிகட்டியை எடுத்துவிட்டு மன்றத்துக்கு அறிவிப்பு எழுதினார். இந்த வாரம் யாருடைய துட்டிக்கும் அனுமதி இல்லை. எந்த வடிவத்திலும் இல்லை. அவசரமானால் அடுத்த வாரம் அனுப்பவும்.

"அடுத்த வாரம் அனுப்பணுமாக்கும்?" என்றாள் சகாயசெல்வி, அதைப் படித்துவிட்டு. "செத்தவங்கள அதுவரைக்கும் எங்க வைக்கிறதாம்? ஐஸ் பெட்டி நீங்க அனுப்புவீங்களா?"

"உனக்குப் புரியாது. இந்த வேல கெடைச்சா அப்பாவ மதுரைல பெரிய டாக்டருட்டக் காட்டலாம்."

"மாமா அதுவரைக்கும் பொறுக்கணுமே. அவருக்கும் அறிவிப்பு அனுப்பிருங்க."

மரிய லூயிஸ் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை விடிந்து, சகாயசெல்வி காப்பியோடு போய்க் கூப்பிட்டபோது அவர் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடக்கம் என்று முடிவானது.

கோயில் மணி அடித்தது. எதிர்வீட்டுச் செபஸ்தியம்மாள் வந்தாள். தெருவில் நாலைந்து பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். ஆனந்த்ராஜ் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டார். ஒவ்வொரு நம்பராகப் போடும்போதுதான் தெரிந்தது. இந்தப் பத்து வருடத்தில் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் அவர் போனதில்லை. எல்லா நேரமும் சென்டர், சென்டர் விட்டால் மன்றம். "ஓ, அப்பிடியா, பாக்குறேன்" என்று வைத்தார்கள். இரண்டு பேர் நேராகவே கேட்டுவிட்டார்கள். "எங்கம்மா செத்தப்ப நீங்க எங்க மச்சான் இருந்தீக?"

மத்தியானம் கோயில் உபதேசியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டு வாசலைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, பெட்டி தூக்க ஆள் யாரு?"

ஆனந்த்ராஜ் தன்னை எண்ணினார். வேறு எண்ணத் தோன்றவில்லை.

"ஊருக்கெல்லாம் ஓடி ஓடித் துட்டி சொன்ன மனுசன்யா," என்றாள் செபஸ்தியம்மாள், யாரையும் பார்க்காமல். "அவரு துட்டியச் சொல்ல ஒரு சைக்கிள் இல்லாமப் போச்சே."

சகாயசெல்வி புருஷனை உள்ளே கூப்பிட்டாள். 

"முந்நூறு பேரு இருக்காங்கல்ல உங்க மன்றத்துல? சொல்லுங்க."

"பெரியவர் பாத்துக்கிட்டிருக்காரு."

"எந்தப் பெரியவர்? வெளிய பெஞ்சுல படுத்திருக்கிறாரே, அவரா?"

ஆனந்த்ராஜ் மாடிப்படி ஏறிச் சென்டருக்குப் போனார். கறுத்த திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினார். 'என் தந்தை மரிய லூயிஸ் இறந்துவிட்டார்.' அனுப்பினார். மன்றத்தின் வழக்கப்படி அது அவருடைய பெட்டிக்கே அனுமதிக்காக வந்து நின்றது. கீழே இரண்டு பொத்தான்கள்.

அப்பாவின் சாவுக்குத் தானே அனுமதி தர வேண்டும். அவர் கை நிராகரிப்பை அழுத்தியது. நிராகரிப்போடு தானாகப் போகும்படி அவர் வைத்திருந்த குறிப்பு உடனே அவருடைய அஞ்சலுக்கே வந்தது: தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். தக்க திருத்தத்துடன் மீண்டும் அனுப்பவும்.

அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, பொன்னழகு போன் செய்தபோது எப்படி இருந்திருப்பான் என்று தோன்றியது.

பிறகு திருத்தினார்.

ஒரு சங்கிலிப் பட்டியல் பற்றிய கேள்வி. நிரலில் கணு எனப்படும் உறுப்புகள் ஒன்றோடு ஒன்று கைகோத்து நிற்கும் வரிசை. முதலில் நிற்பதைப் பிடித்துத்தான் மற்றவை நிற்கும். முதல் கணுவுக்கு 'மரிய_லூயிஸ்' என்று பெயர் வைத்தார். இரண்டாவதற்கு 'ஆனந்த்ராஜ்'. நாள் என்ற மாறிக்கு வெள்ளி, மணி என்ற மாறிக்கு நாலு, இடம் என்ற மாறிக்கு நாகல் நகர் கல்லறை. கீழே கேள்வி: 'முதல் கணு நீங்கிவிட்டது. தாங்குவதற்குக் குறைந்தது ஆறு பேர் தேவை. இரண்டாவது கணு தனியாக நிற்கிறது. என்ன செய்யலாம்?'

எந்தப் பெங்களூர்ப் பெரியவர் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத கேள்வி. அனுமதித்தார்.

அவர் வீடு திரும்புவதற்குள் பதில்கள் வரத் தொடங்கியிருந்தன. அவர் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலில் வந்து இறங்கியது பொன்னழகு. அவனுக்குப் பின்னால் வேனில் இருந்து ஒரு பத்துப் பேர். அதற்குப் பின்னால் திருப்பூர் பஸ்ஸில் இருந்து ஒரு கூட்டம். பொன்னுத்துரையும் வந்திருந்தான், அவனும் பொன்னழகுவும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு பக்கம் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். நிலக்கோட்டை அன்புக்கரசி ஒரு மூட்டை மல்லிகையோடு ஆட்டோவில் வந்தாள். மன்றத்தில் வாரம் தவறாமல் முதல் கேள்வி கேட்பவள் அவள்தான். ஆனந்த்ராஜுக்கு அவள்மேல் தனி மதிப்பு.

"நீயுமா வந்துட்ட? லீவு குடுத்தாங்களாம்மா?"

"நமக்கு யாரு சார் லீவு குடுக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் பூவைக் கொட்டி, நொடியில் சரம் சரமாகக் கட்டினாள்.

தெரு நிறைந்துவிட்டது. ஆள் இல்லையே என்று கேட்ட உபதேசியார், கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கத்த வேண்டியிருந்தது. பெட்டி ஆறு தோளில் போய், வழியில் அடுத்த ஆறு தோளுக்கு மாறி, மறுபடி மாறி, கல்லறைக்குப் போகும்வரை ஒரு தோளும் களைக்கவில்லை. ஆனந்த்ராஜின் முறை வந்தபோது, பக்கத்தில் தோள் கொடுத்தவன் கையில் வெங்காய வாடை அடித்தது. பஸ்ஸில் பக்கத்தில் மூட்டை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மண் தள்ளி முடிந்து, எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இளஞ்செழியன்.

"அண்ணே! எங்க இருக்கீங்க? பெரியவர் ஆடிப் போயிட்டாரு!"

"தம்பி, நான் இப்ப..."

"சங்கிலிப் பட்டியல் கேள்விண்ணே. நேத்து மத்தியானத்துல இருந்து நூத்துக்கும் மேல பதிலு! ஒருத்தன் 'ஆயக்குடியில இருந்து பத்துப் பேர் சேக்குறோம்'ங்குறான். ஒருத்தன் 'திருப்பூர்ல இருந்து கணு கெளம்பிருச்சு'ங்குறான். ஒரு பொண்ணு 'தாங்குறதுக்கு நாங்க இருக்கோம்'னு எழுதிருக்கு. ஒரு கேள்விக்கு இப்பிடி மொத்தக் கூட்டமும் இறங்கி வேல பாக்குறத எந்த ஊர்லயும் பாத்ததில்லன்னு சொல்லிட்டாரு. எடுத்தாச்சுண்ணே! நீங்க தலைவர். உங்க மன்றத்துல இருந்து பத்துப் பேரக் கூட்டிக்கிட்டு திங்கக்கெழம பெங்களூர் வாங்க. பத்து இல்லாட்டி ஆபீஸ் இல்ல, அது மட்டும் கண்டிசன். ஒங்களுக்கென்னண்ணே, முந்நூறு பேரு இருக்காங்க!"

ஆனந்த்ராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டார். புது மண்ணின் மேல் அன்புக்கரசியின் மல்லிகை வாடாமல் கிடந்தது. அப்பாவுக்குச் சொல்லத் தோன்றியது. சொல்ல முடியாததால், குழாயடியில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினார். பத்து வருடத்துக்குப் பிறகு வகுப்பு நிறைந்திருந்தது.

"பிள்ளைகளா," என்றார்.  "அழுகுற நேரத்துல இதச் சொல்லக்கூடாது. ஆனா நீங்க எல்லாம் ஒண்ணா இருக்கும்போதே கேட்டுர்றேன். நம்ம ஊர்லயே ஆபீஸ் வருது. பத்து ப்ரோக்ராமர் வேணும். நீங்க இப்ப பாக்குற வேலைய விட்டுட்டு எங்கூட வாரது யாரு? கையத் தூக்குங்க."



பொன்னழகு பொன்னுத்துரையைப் பார்த்தான். அத்தனை நாள் பேசாமல் இருந்த பொன்னுத்துரை, "நீயே சொல்லுடா" என்றான். பொன்னழகு கொய்யாத் தோப்பில் கிளை கீறித் தழும்பு விழுந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். திருப்பூர்க்காரர்கள் செருப்பைத் தேடினார்கள். வெங்காய வாடைக்காரன் கல்லறைச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"ஏலே, வெக்கப்படாதீங்கடா. சம்பளம் நல்லாத்தான் இருக்கும்."

மீதிப் பூவைச் சாக்கில் சுருட்டிக்கொண்டிருந்த அன்புக்கரசி நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தாள்.  அவள்தான் இரண்டடி முன்னால் வந்தாள்.

"சார், இன்னிக்குப் போயி இதச் சொல்ல வேண்டியதாகிப் போச்சு, மன்னிச்சுக்கோங்க. படிச்சு முடிச்சதுல இருந்து எங்கள்ல ஒருத்தருக்கும் ப்ரோக்ராம் வேல கெடைக்கல. ஆளுக்கொரு தெசைல கெடந்தாலும் ஒருத்தருக்கொருத்தர் நல்லது கெட்டது சொல்லிக்க ஒரு எடம் வேணுமேன்னுதான், அது மூடிறக்கூடாதுன்னு, நீங்க கிளாஸ்ல சொல்லிக்குடுத்ததையே மொற வெச்சு உங்ககிட்டயே சந்தேகமாக் கேட்டுக்கிட்டு இருந்தோம்."